பல் செட் உடைந்த சனிக்கிழமை

குளியலறைக் கதவை டாரெல் மூன்றாவது முறையாகத் தட்டினார்.

“ரொண்டா! உள்ள தனிக்குடித்தனம் போயிட்டியா? எட்டரைக்குள்ள நான் மேட்டுல இருக்கணும். என் ஷேவிங் சாமான் எல்லாம் உள்ள இருக்கு.”

உள்ளே ஓடிக்கொண்டிருந்த குழாய் நின்றது.

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

கதவின் உள்பக்கம் இரண்டு தட்டு விழுந்தது.

“ரெண்டு தட்டுன்னா என்ன? ஆமாவா, இல்லையா?”

மறுபடியும் இரண்டு தட்டு. இந்த முறை கொஞ்சம் எரிச்சலோடு.

டாரெல் சமையலறைப் பக்கம் திரும்பினார். “லேசி! உங்க அம்மா உள்ளேருந்து தந்தி அடிக்கிறா. வந்து என்னன்னு கேளு. எனக்கு அந்த பாஷை தெரியாது.”

லேசி அவித்த முட்டைகளை உரித்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையோடு வந்தாள். “நீங்க கிளம்புங்கப்பா. நான் பாத்துக்கறேன்.”

“ஷேவிங்?”

“ஒரு நாள் தாடியோட போங்க.”

“அதுவும் சரிதான். அங்க படுத்திருக்கறவங்க யாரும் என் தாடியைக் குறை சொல்லப் போறதில்ல.” தொப்பியை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார். புல்வெட்டும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றும் சத்தமும், பிறகு வண்டி சரளைக்கல்லில் இறங்கும் சத்தமும் கேட்டன.

வருடா வருடம் ஜூன் முதல் சனிக்கிழமை ராட்லிஃப் குடும்பத்தார் எல்லாரும் மேட்டிலிருக்கும் தங்கள் கல்லறைத் தோட்டத்தில் கூடுவார்கள். புல்வெட்டி, பூ வைத்து, அங்கே அடக்கமானவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, பிறகு மர நிழலில் மேசை போட்டுச் சாப்பிடுவார்கள். பெயர் வாசிப்பது ரொண்டாவின் வேலை. பதினொரு வருடமாக அவள்தான் வாசிக்கிறாள். இன்று பிற்பகல் இரண்டு மணிக்கும் அவள்தான் வாசிக்க வேண்டும்.

லேசி கதவில் காதை வைத்தாள்.

அம்மாவும் மகளும் சரியாகப் பேசிக்கொண்டு மூன்று நாள் ஆகிறது. அதற்கான காரணத்தை நாம் போன வாரமே பார்த்தோம். அதைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன்.

லேசிக்கு இருபத்தோரு வயது. கென்டக்கி மலைகளைத் தாண்டி இரண்டு மணி நேரத் தொலைவிலுள்ள கல்லூரியில் உயிரியல் மூன்றாம் ஆண்டை முடித்துவிட்டு வந்திருக்கிறாள். பல் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தே தீர்வது என்பது அவளுடைய பிடிவாதம். நுழைவுத் தேர்வில் முதல் முறை கோட்டை விட்டாள். மடித்த காகிதத்தில் ஓட்டை போட்டால் பிரித்ததும் எங்கெங்கே ஓட்டை தெரியும் என்று கேட்கும் அந்தப் பாழாய்ப்போன பகுதிதான் அவளைக் கவிழ்த்தது. வீட்டிலிருந்த மளிகைப் பைகளையெல்லாம் மடித்து மடித்து ஓட்டை போட்டுப் பழகி, ஏப்ரலில் இரண்டாம் முறை எழுதித் தேறினாள்.

வருகிற செவ்வாய்க்கிழமை விண்ணப்பம் அனுப்பத் தொடங்கலாம். முதல் நாளே அனுப்புகிறவர்களுடையதை முதலில் படிப்பார்கள். அனுப்பிவிட்டால் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது.

மிச்சமிருந்தது ஒரு பக்கக் கட்டுரை. ‘நீ ஏன் பல் மருத்துவராக வேண்டும்?’ பதினொரு முறை எழுதிப் பார்த்தாள் லேசி. பதினோராவதை அச்செடுத்தபோது அவள் மாடியில் இருந்தாள். அச்சு இயந்திரம் கீழே சமையலறையில் இருந்தது. அதன் பக்கத்தில் அம்மா இருந்தாள்.

‘நான் வளர்ந்த வீட்டில் என் தாய் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை’ என்று தொடங்கியது அந்தக் கட்டுரை. நான்காவது வரி இப்படி இருந்தது: ‘வறுமையாலும் அச்சத்தாலும் அறியாமையாலும், இருபத்திரண்டு வயதில் என் தாய் தன் மேல் வரிசைப் பற்கள் அனைத்தையும் இழந்தாள்.’

லேசி இறங்கி வந்தபோது ரொண்டா அந்தத் தாளை மேசைமேல் நேராக வைத்து, ஓரங்களைச் சரிசெய்துகொண்டிருந்தாள். “உன்னோடது,” என்றாள். அதன் பிறகு மூன்று நாளாக மழையைப் பற்றியும் உருளைக்கிழங்கைப் பற்றியும் மட்டும்தான் பேசினாள்.

இப்போது அதுவும் இல்லை.

“அம்மா, அப்பா போயிட்டாரு. என்ன ஆச்சு?”

உள்ளே குழாயைத் திறந்து மூடும் சத்தம்.

“விழுந்துட்டியா?”

இரண்டு தட்டு.

லேசி ஒரு நொடி யோசித்தாள். பேசாமல் தட்டுகிறாள். கண்ணாடி முன்னால் நிற்கிறாள். இது பல் கழுவும் நேரம்.

“பல் செட்டா?”

உள்ளே எதையோ மெதுவாகக் கீழே வைக்கும் சத்தம். பிறகு ஒரே ஒரு தட்டு.

“உடைஞ்சிருச்சா?”

ஒரு தட்டு.

“பசை எதுவும் போட்டு ஒட்டிப் பாக்கலையே?”

இரண்டு தட்டு.

“நல்ல வேளை. குடும்மா. நான் உன்னப் பாக்க மாட்டேன். கையை மட்டும் நீட்டு.”

கதவு நான்கு விரல் அகலத்துக்குத் திறந்தது. ஒரு கை வெளியே வந்தது. கையில் மடித்த துண்டு. லேசி சொன்னபடியே சுவரைப் பார்த்துக்கொண்டு அதை வாங்கினாள்.

துண்டுக்குள் அவளுடைய அம்மாவின் பதினான்கு பற்கள் இருந்தன. நடுவில் பிளந்து, ஏழு ஏழாக.

இத்தனை வருடத்தில் லேசி அந்தப் பல் செட்டைத் தனியாகப் பார்த்ததே இல்லை. அப்பாவும் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தெரியும். அம்மா எல்லாருக்கும் முன்னால் எழுந்து, எல்லாருக்கும் பின்னால் தூங்கப் போவாள். வேலை அதிகம் என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தாள்.

கைபேசியை எடுத்து ஊர்ப் பல் மருத்துவர் டாக்டர் பெல்ஃப்ரியை அழைத்தாள்.

“லேசியா? இன்னிக்கு கிளினிக் கிடையாதே. நான் தக்காளிச் செடி நட்டுட்டு இருக்கேன்.”

“தெரியும் டாக்டர். மேல் செட் ஒண்ணு ரெண்டா உடைஞ்சிருக்கு. சுத்தமான உடைப்பு, துண்டு எதுவும் காணாமப் போகல. ரெண்டு மணிக்கு அவங்க நாலு பேர் முன்னாடி நின்னு வாசிக்கணும்.”

“யாரு?”

லேசி கதவைப் பார்த்தாள். “எங்க அம்மா.”

அந்தப் பக்கம் மண்வெட்டியைக் கீழே போடும் சத்தம் கேட்டது. “அரை மணி நேரம் குடு.”

*

மூன்று கோடை விடுமுறையாக லேசி டாக்டர் பெல்ஃப்ரியின் கிளினிக்கில் நின்றிருக்கிறாள். ‘ஒரு மருத்துவரின் பக்கத்தில் நின்று எத்தனை மணி நேரம் பார்த்தாய்?’ என்று கல்லூரிகள் கேட்கும். முதல் கோடையில் கணக்குக்காகத்தான் போனாள். பிறகு கணக்கு மறந்துவிட்டது. அங்கே வராத ஆள் இல்லை. பள்ளி ஆசிரியர், தபால்காரர், அப்பாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள், எல்லாரும் வந்தார்கள். அம்மா மட்டும் வந்ததில்லை. ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் ஒரு காரணம் இருந்தது.

இன்று நீல மாஸ்க் ஒன்றைக் கண்ணுக்குக் கீழேவரை இழுத்து மாட்டிக்கொண்டு ரொண்டா காரில் ஏறினாள். மடியில் கைப்பை. வழி முழுக்கச் சாலையோர ஓடையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் பெல்ஃப்ரி ஐம்பது வயதுக்காரர். முழங்காலில் மண்ணோடு கதவைத் திறந்தார். “வாங்க ரொண்டா. இந்தக் கோலத்துல என்னைப் பாத்ததை யார்கிட்டயும் சொல்லாதீங்க, நானும் சொல்ல மாட்டேன்.”

மாஸ்க்குக்குப் பின்னால் ரொண்டாவின் கண்கள் லேசாகச் சுருங்கின. சிரிப்புதான்.

உள் அறையில் டாக்டர் இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, விளக்கில் காட்டிப் பார்த்தார். “நல்லாப் பொருந்துது. லேசி, ரெண்டும் அசையாம இருக்க அடியில ஒரு அச்சு ஊத்தணும், பிளாஸ்டர் கலக்கு. கட்டி வராம.”

லேசி கலக்கினாள். தண்ணீரில் பொடியைத் தூவி, கரண்டியால் கிண்ணத்தின் சுவரோடு தேய்த்துத் தேய்த்து, தயிர் பதத்துக்குக் கொண்டுவந்தாள். இதை எத்தனையோ முறை செய்திருக்கிறாள். இன்று இரண்டு முறை கரண்டியைத் தூக்கி, கட்டி இருக்கிறதா என்று பார்த்தாள். டாக்டர் இரண்டு பாதிகளையும் பொருத்திக் கொடுக்க, அதன் உள்பக்கக் குழிவில் பிளாஸ்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். அவளுடைய அம்மாவின் மேல் அண்ணத்தின் வடிவம் அது. இத்தனை சின்னதா என்று இருந்தது.

“இது இறுக நாப்பது நிமிஷம்,” என்றார் டாக்டர். “நான் அதுக்குள்ள வீட்டுக்குப் போய் மீதிச் செடியை நட்டுட்டு வந்துடறேன். இல்லன்னா வெயில்ல வாடிடும்.”

அவர் போய்விட்டார். காத்திருப்போர் அறையில் அம்மாவும் மகளும் ஒரு நாற்காலி இடைவெளி விட்டு உட்கார்ந்தார்கள்.

ரொண்டாதான் முதலில் பேசினாள். மேல் பல் இல்லாததால் பாதி எழுத்துகள் காற்றாகத்தான் வந்தன. லேசிக்கு எல்லாம் புரிந்தது. ஆகையால் நேராகவே எழுதுகிறேன்.

“அறியாமைனு போட்டிருக்க.”

லேசிக்கு முகம் சூடாகிவிட்டது. “அம்மா...”

“வறுமைனு போட்டே, சரி. பயம்னு போட்டே, அதுவும் சரி. ஊசின்னா எனக்கு இப்பவும் பயம்தான். ஆனா அறியாமையா?”

“எல்லாரும் அப்படித்தாம்மா எழுதறாங்க. நாம எங்கேருந்து வர்றோம்னு எழுதினா மனசைத் தொடும்னு எங்க ஆலோசகர் சொன்னாங்க.”

“யாரு மனசை?”

லேசி குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள்.

“யாரோ நாலு பேர், என்னைப் பாக்காதவங்க, ஒரு மேசை போட்டு உக்காந்து, ஐயோ பாவம் இவ அம்மான்னு சொல்லணும். அப்பதான் உனக்கு இடம் கிடைக்கும். அப்படியா?”

“நான் அப்படி நினைக்கல.”

“தெரியும். நீ நினைக்கலைன்னு தெரியும்.” ரொண்டா மாஸ்க்கை மூக்கின் மேல் இன்னும் இறுக்கிவிட்டாள். “ஒரு தடவை எங்கிட்ட கேட்டிருக்கலாம்ல? இந்த மூணு வருஷமா யார் யாரு பல்லையோ பத்தி சாப்பாட்டு மேசையில கதை கதையாச் சொன்ன. அவருக்குக் கடவாப் பல்லு, இவங்களுக்கு வேர்ல சீழுன்னு. ‘உனக்கு என்னம்மா நடந்துச்சு’ன்னு ஒரு நாள் கேட்டியா?”

“கேட்டா நீ அழுவியோன்னு...”

“அழுதிருப்பேன். அதுக்கென்ன?”

வெளியே ஒரு நிலக்கரி லாரி போனது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

லேசி எழுந்து, இடையிலிருந்த நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தாள். “இப்ப கேக்கறேன். என்னம்மா நடந்துச்சு?”

ரொண்டா கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடினாள். திறந்து மூடினாள்.

“மூணு பல்லு வலிச்சுச்சு. சாதாரண வலி இல்ல. கன்னம் வீங்கி, கண்ணு மூடி, ரெண்டு மாசம் கஞ்சிதான். அப்ப நீ பொறக்கல. கல்யாணமாகி ஒரு வருஷம். அப்பாவுக்கு சுரங்கத்துல வேலை. ராத்திரி முழுக்க என் கன்னத்துல ஐஸ் வெச்சுப் பிடிச்சுட்டு, காலையில அப்படியே வேலைக்குப் போவாரு. அப்பறம் ரெண்டு ஊர் தள்ளி ஒரு பல் டாக்டரைப் பாத்தோம். அவரு இப்ப உயிரோட இல்ல. ‘மூணை எடுத்தா நாளைக்கு இன்னொண்ணு வலிக்கும். மொத்தமா எடுத்துட்டுப் புது செட் போட்டுட்டா ஆயுசுக்கும் கவலை இல்ல’ன்னாரு.”

“மொத்தமாவா?”

“அப்ப இங்க அதுதான் வழக்கம். எங்க அக்காவுக்கு என் மேல பொறாமை, தெரியுமா? அவளுக்கு யாரும் வாங்கித் தரலயாம். உங்க அப்பா அந்தக் குளிர்காலம் பூரா ரெட்டை ஷிஃப்ட் பாத்தாரு. என் பிறந்த நாளைக்கு நான் செட்டைப் போட்டுட்டு வந்ததும், கண்ணாடி முன்னாடி நிக்க வெச்சாரு. ‘இனிமே உனக்கு வலிக்காது, ரொண்டா’ன்னு சொல்லிட்டு அவரு அழுதுட்டாரு. நான் அழல. அவருதான்.”

லேசி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அதனால அதை அறியாமைனு போடாத. அதுவரைக்கும் எனக்கு யாரும் அவ்வளவு பெருசா எதுவும் வாங்கிக் குடுத்ததில்ல.”

“நான் அதைக் கிழிச்சுப் போட்டுடறேன். வேற எதையாவது பத்தி எழுதறேன்.”

“இரு. இன்னும் முடிக்கல.” ரொண்டா குரலைத் தாழ்த்தினாள், அந்தக் காலி அறையில் யாரோ இருப்பதுபோல. “உனக்கு ஆறு வயசு இருக்கும்போது செட்டு லூஸாயிருச்சு. சரி பண்ண வேற டாக்டர்கிட்ட போனேன். அவரு பழைய இடத்துலேருந்து என் காகிதத்தையெல்லாம் வரவழைச்சிருந்தாரு. எடுக்கறதுக்கு முன்னாடி பிடிச்ச எக்ஸ்ரே படமும் அதுல இருந்துச்சு. அதைப் பாத்துட்டே இருந்தவரு, திடீர்னு எதுவும் பேசாம மடிச்சு வெச்சாரு. நான் விடல. என்னன்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“முன் பல்லு ஆறுக்கும் ஒண்ணுமே இல்லையாம். துளி சொத்தை கிடையாதாம். இன்னிக்கும் அது எங்கிட்ட இருந்திருக்கும்.”

லேசியின் விரல்கள் இறுகின. மேல் முன் பற்கள் ஆறு. ஒரு மனுஷி சிரித்தால் தெரிகிற ஆறு.

“அப்பாவுக்குத் தெரியுமா?”

“எப்படிச் சொல்றது? அந்த டிசம்பர்ல அவரு முதுகு என்ன பாடு பட்டுச்சுன்னு பாத்தவ நான். அவரு குடுத்த பரிசுல ஒரு குறை இருக்குன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?” சொல்லிவிட்டு அவளே ஒரு நொடி நிறுத்தினாள். மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு சின்னச் சிரிப்பு வந்தது. “எந்த வாயால! கேளு நான் பேசறதை.”

லேசியும் சிரித்தாள். சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“கிழிக்காத,” என்றாள் ரொண்டா. “பதினொரு தடவை எழுதினது. அந்த ஒரு வார்த்தையை எடு. நடந்ததைப் போடு.”

“ஆறு பல்லையுமா?”

ரொண்டா தரையைப் பார்த்தாள். “ஏன் இந்த வேலைக்கு வர்றேன்னுதானே கேக்கறாங்க?”

“ஆமா.”

“அப்ப அதைத்தான் போடணும். ஒருத்தி கன்னம் வீங்கி வந்து நின்னா, அவளுக்கு எது கெட்டிருக்கு, எது நல்லா இருக்குன்னு அவகிட்டயே சொல்ற ஒரு ஆளு வேணும். நான் கேட்டிருப்பேன், லேசி. கேக்கலாம்னு யாராச்சும் சொல்லியிருந்தா கேட்டிருப்பேன்.” கைப்பையை மூடினாள். “உங்க அப்பா காதுக்கு மட்டும் போக வேண்டாம்.”

*

டாக்டர் திரும்பி வந்தபோது முழங்காலில் இன்னும் அதிக மண் இருந்தது. பிளாஸ்டர் கல்லாக இறுகியிருந்தது. உடைந்த கோட்டின் இரு ஓரங்களையும் சீவிவிட்டு, ரோஜா நிறப் பொடியும் திரவமும் சொட்டுச் சொட்டாக வைத்து நிரப்பினார். அறை முழுக்க நகப்பூச்சு வாசனை. பிறகு அதை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மூடினார்.

அது இறுகும்வரை லேசி முன்னறையில் உட்கார்ந்து, பையிலிருந்த கட்டுரைத் தாளை எடுத்துத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் எழுதினாள். பதினொரு முறை வராத வரிகள் அடித்தல் திருத்தல் இல்லாமல் வந்தன.

பாலிஷ் போடும் வேலையை டாக்டர் அவளிடமே விட்டார். சுழலும் தூரிகையில் அம்மாவின் பற்களைக் காட்டி, தண்ணீர் தெளித்து, மீண்டும் காட்டி, விரலால் தடவிப் பார்த்தாள். எங்கே உடைந்தது என்று விரலுக்குத் தெரியவில்லை.

“போட்டுப் பாக்கணும்,” என்றார் டாக்டர். “லேசி, நீ வேணா வெளியில...”

“வேண்டாம்,” என்றாள் ரொண்டா, நாற்காலியில் சாய்ந்தபடி. “இருக்கட்டும்.”

அவளே மாஸ்க்கைக் கழற்றி மடியில் வைத்தாள்.

மேலுதடு உள்ளே மடிந்து, கன்னம் ஒட்டி, அம்மாவின் முகம் பத்து வயது கூடித் தெரிந்தது. விளக்கின் கீழ் கண்ணை மூடாமல் மகளையே பார்த்தாள்.

“பாத்துக்கோ. நாளைக்கு எத்தனை பேர் வாயைப் பாக்கப் போற. முதல்ல என்னோடதைப் பாரு.”

லேசி பார்த்தாள். கழுவிய சின்ன வாய்க் கண்ணாடியை எடுத்துக்கொண்டு, மூன்று கோடையாகப் பழகிய மாதிரியே, இடமிருந்து வலமாக, அவசரப்படாமல் பார்த்தாள். “இந்தப் பக்கம் ஈறு சிவந்திருக்கும்மா. இங்க அழுத்துதா?”

“ரெண்டு வருஷமா.”

“ரெண்டு வருஷமாவா!”

“திட்டாத. டாக்டர் முன்னாடி.”

டாக்டர் பெல்ஃப்ரி செட்டைப் பொருத்தி, எங்கே அழுத்துகிறது என்று காட்டும் நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, அழுத்திய இடத்தைக் கொஞ்சம் ராவிக் கொடுத்தார். ரொண்டா வாயை மூடித் திறந்தாள். “ஃபிராங்க்ளின் ராட்லிஃப்,” என்று, பிற்பகல் வாசிக்க வேண்டிய பெயர்களைச் சொல்லிப் பார்த்தாள். “வெர்னா ராட்லிஃப். தியோடர் ராட்லிஃப்.”

“எல்லாரும் வந்துட்டாங்களா?” என்றார் டாக்டர்.

“வந்துட்டாங்க.”

*

இரண்டு மணிக்கு மேட்டில் ஐம்பது பேர் கூடியிருந்தார்கள். டாரெல் வெட்டிய புல்லின் வாசனை இன்னும் போகவில்லை. தாடியோடுதான் நின்றார். மனைவியைக் கண்டதும், “தந்தி ஆபீஸ் மூடியாச்சா?” என்று கேட்டார்.

“மூடியாச்சு,” என்றாள் ரொண்டா.

நாற்பத்து மூன்று பெயர்களையும் வாசித்தாள். ஒரு பெயர்கூட வழுக்கவில்லை. காற்று எதிர்த்து வீசியபோதும் கடைசி வரிசைக்குக் கேட்டது. லேசி கூட்டத்தின் ஓரத்தில் நின்று, ஒவ்வொரு பெயருக்கும் அம்மாவின் உதடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சாப்பாடு. பொரித்த கோழி, பன்றிக்கறி போட்ட பீன்ஸ், சோளரொட்டி, லேசி அவசரமாக முடித்த முட்டைகள். ரொண்டா இரண்டு முறை போட்டுக்கொண்டாள். ஈறு வலிக்காமல் அவள் சாப்பிட்டே இரண்டு வருடமாகியிருந்தது. உருளைக்கிழங்கு சாலட்டில் உப்புக் குறைவு என்று சொன்ன அக்காவிடம், “அப்ப நீ ஏன் மூணாவது தடவை எடுக்கற?” என்று கேட்டாள். மேசை முழுக்கச் சிரிப்பு.

“செவ்வாய்க்கிழமை அனுப்பிடுவியா?” என்று ரொண்டா மகளிடம் கேட்டாள், பாத்திரங்களைக் கட்டும்போது.

“அனுப்பிடுவேன். நாளைக்கு நீ உக்காந்து முழுசாப் படி. ஒரு வார்த்தை பிடிக்கலன்னாலும் சொல்லு.”

“படிக்கறேன். எங்க வெச்சிருக்க?”

“கார்ல. பின் சீட்டுல, என் பையில.” லேசி சற்று யோசித்தாள். “பைக்கு மேல.”

இருவரும் ஒரே நேரத்தில் கீழே பார்த்தார்கள்.

மேட்டின் அடிவாரத்தில் கார் நின்றது. பின் கதவு திறந்திருந்தது. மடக்கு நாற்காலிகளை ஏற்றப் போன டாரெல், ஒரு நாற்காலியைக் கையிடுக்கில் வைத்தபடியே, கண்ணாடியை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். கையில் ஒரு தாள். அதைத் திருப்பினார். பின்பக்கத்தையும் படிக்கத் தொடங்கினார்.

“அம்மா,” என்றாள் லேசி.

ரொண்டா பாத்திரத்தைப் புல்லில் வைத்துவிட்டு இறங்கினாள். ஓடவில்லை. லேசி பின்னாலேயே போனாள்.

அவர்கள் பக்கத்தில் வந்தபோது டாரெல் கண்ணாடியைக் கழற்றியிருந்தார். மகளைப் பார்க்கவில்லை.

“ஆறா?” என்றார்.

ரொண்டா தலையை நிமிர்த்தியே நின்றாள். “ஆறு.”

“இருபத்து நாலு வருஷமா இதை மனசுல வெச்சுட்டா இருந்த?”

“பதினஞ்சு. எனக்கே தெரிஞ்சு பதினஞ்சு வருஷம்தான், டாரெல்.”

கையிடுக்கிலிருந்த நாற்காலி நழுவிச் சரளையில் விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. மேலே யாரோ பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கார் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்படும் சத்தம் கேட்டது.

“லேசி, நீ அப்பாவோட வண்டியை எடுத்துட்டு வீட்டுக்குப் போ,” என்றாள் ரொண்டா. “நாங்க பின்னாடி வர்றோம்.”

லேசி கையை நீட்டினாள். டாரெல் சட்டைப்பையில் தடவிச் சாவியை எடுத்துக் கொடுத்தார். காகிதத்தைக் கொடுக்கவில்லை.